ஐம்பத்தொரு தேங்காயும் மூன்று பந்தும்

2006ஆம் ஆண்டுக் கோடையில் நான் பந்தெறிய வந்தால் எதிரணிக்காரர் எழுந்து கைதட்டுவார்கள். அவ்வளவு மோசமான நிலை.

ஒஸ்லோவில் ட்ராம் ஓட்டுகிறேன். ஓய்வு நாட்களில் ஒரு சிறிய பேஸ்போல் கழகத்தில் விளையாடினேன். முதலில் எறிபவர் களைத்ததும் இறங்கி ஆட்டத்தைக் காப்பாற்றுவது என் வேலை. பந்து வேகமாகப் போகும். எங்கே போகும் என்பது எனக்கும் தெரியாது. நாலு பந்து குறி பிழைத்தால் அடிக்க வந்தவர் அடிக்காமலே முதல் தளத்துக்குச் சும்மா நடந்து போகலாம். அப்படி என் தயவில் நடந்தவர்களைத் திகதியோடு கொப்பியில் எழுதி வந்தேன். இரண்டாவது கொப்பி தொடங்கியிருந்தது.

பயிற்சியாளர் ஆர்னே பொறுமைசாலி. அவரே சொல்லிவிட்டார்: "ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம். அதையும் கெடுத்தால் அடுத்த வருசம் உனக்கு இடமில்லை."

நாற்பது வயதில் வேறு யார் என்னைச் சேர்ப்பார்கள்? சுவாமிப் படத்துக்கு முன்னால் இருந்து அழுதேன். "பிள்ளையாரே, பந்தை நேராய்ப் போக வை. ஐம்பத்தொரு தேங்காய் உடைக்கிறன்" என்று நேர்ந்தேன்.

மனைவி வாசுகி சிரித்தாள். "இஞ்சேருங்கோ, கேட்டது கிடைச்சாப் பிறகுதானே நேர்த்தி தீர்க்கிறது?"

"சனிக்கிழமை கோயிலிலை தேர். அதை விட்டால் ஒரு வருசம். பிள்ளையாரைக் காக்க வைக்கேலுமே?"

"அவர் எங்கை போகப்போறார்? இருந்த இடத்திலைதானே இருக்கிறார்."

நான் கேட்கவில்லை. சனிக்கிழமை தேருக்கு முன்னால் கல்லில் ஓங்கி ஓங்கி அடித்தேன். இருபத்துமூன்றாவது தேங்காயில் தோள் எரியத் தொடங்கியது.

"மற்றக் கையாலை உடையுங்கோவன். நாளைக்கு எறியவேணுமெல்லே?" என்றாள் வாசுகி.

"சுவாமிக்கு இடக்கையே?"

ஐம்பத்தொன்றையும் வலக்கையாலேயே முடித்தேன். ஞாயிறு காலை அந்தக் கை எழும்பவில்லை. வாசுகிதான் சீப்பெடுத்துத் தலையிழுத்து, திருநீறும் பூசிவிட்டாள். பயத்தில் ஆர்னேயிடம் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசிக் கட்டம். நாங்கள் ஒரேயொரு ஓட்டம் முன்னால். மூன்று தளங்களிலும் எதிரணிக்காரர். இன்னும் ஒருவரை ஆட்டமிழக்கச் செய்தால் வெற்றி. ஆர்னே வானத்தைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். எதிரணி எழுந்து கைதட்டியது.

எறிந்தேன். பந்து, தரிப்பிடம் தரிப்பிடமாக நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போகும் ட்ராம் போலப் போனது. என் வேகத்துக்குத் தயாராக நின்றவன் பந்து வருமுன்னரே மட்டையை வீசிவிட்டான். இரண்டாவதும் அப்படியே. மூன்று தரம் வீசித் தவறவிட்டால் ஆட்டமிழப்பு. மூன்றாவதுக்குப் பல்லைக் கடித்துக் காத்திருந்தான். பொறுக்க முடியாமல் வீசி, சுழன்று, நிலத்தில் குந்திவிட்டான். பந்து ஆறுதலாக, நேராக, பிடிப்பவரின் கையுறைக்குள் போய் இருந்தது.

வென்றோம். ஆர்னே என் வலக்கையைப் பிடித்து உயர்த்தினார். நான் போட்ட சத்தத்தை எல்லோரும் சந்தோசம் என்று நினைத்தார்கள்.

"இந்தப் பந்தை எங்கே பழகினாய்?"

"கோயிலில்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. யோசித்தார்.

பிறகும் மூன்று கோடைகள் விளையாடினேன். இரண்டாவது கொப்பி இன்னும் நிரம்பவில்லை. நான் நேரான பந்தைத்தான் கேட்டேன். என் வேகம்தான் அதற்குத் தடை என்று பிள்ளையாருக்குத் தெரிந்திருக்கிறது. இப்போது ட்ராமைப் பிடிக்க யாராவது ஓடிவந்தால்கூட அவசரப்படாமல் கதவைத் திறந்து வைக்கிறேன்.

கஷ்டத்தில் இருப்பவர்களே, நீங்களும் அவரிடம் கேளுங்கோ. நேர்ந்ததைக் குறைக்காமல் செய்யுங்கோ. தேரன்று வந்தால் ஆர்னேயைக் காணலாம். வேட்டியோடு எனக்குப் பக்கத்தில் நின்று தேங்காய்களை நோர்வேஜிய மொழியில் எண்ணுவார். நான் கொஞ்சம் களைத்தால் போதும், தனக்குத் தெரிந்த ஒரேயொரு தமிழ்ச் சொல்லில் அதட்டுவார்:

"வலக்கை!"