வெள்ளிக்கிழமைச் சொதியும் வெள்ளை வைனும்

என் மகன் கட்டப்போகும் நோர்வேப் பிள்ளையின் தாயும் தகப்பனும் பேர்கன் நகரிலிருந்து ரொம்மன் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தது ஒரு மாசி மாத வெள்ளிக்கிழமை. சனி காலை ரயிலில் திரும்ப வேண்டும் என்றபடியால் அவர்களுக்கு வேறு நாள் இல்லை. அது என்னுடைய பிழையா?

மூன்று நாளைக்கு முன்பே மகன் ஒரு போத்தலோடு வந்துவிட்டான். இத்தாலிக்குச் சொந்தமாகச் சார்டீனியா என்று ஒரு தீவாம். போன கோடை விடுமுறையில் அங்கே வைத்துத்தான் அந்தப் பிள்ளையிடம் கலியாணம் கேட்டானாம். அன்றைக்குக் குடித்த வெள்ளை வைன் இதுதானாம். கடற்கரையோரத்துத் திராட்சையாம், உப்புக்காற்றின் ருசி அதற்குள் இருக்குமாம். ஆகவே மீனோடுதான் குடிக்க வேண்டும், தேசிக்காய்ப்புளி பிழிந்த மீன், மிளகாய்த்தூள் போடக்கூடாது, தூள் போட்டால் வைன் கசந்துவிடும். அந்த மூன்று நாளும் வீட்டில் வேறு கதையே இல்லை.

வெள்ளிக்கிழமை என் அடுப்பில் மீனோ இறைச்சியோ, மச்சம் எதுவும் ஏறினதில்லை. அது அவனுக்கும் தெரியும்.

“ஒரே ஒரு வெள்ளிக்கிழமைதானே அம்மா.”

“உன்ரை வைனுக்கு நாள் கிழமை இல்லையாக்கும் தம்பி. என்ரை அடுப்புக்கு இருக்கு.”

மகனோடு மட்டும்தான் எனக்கு இந்த வாய். பிறத்தியாரைக் கண்டால் நாக்கு உள்ளே போய்விடும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நோர்வே மொழியில் நன்றி சொல்லவே வியர்க்கும். வருகிற சம்பந்திகளுக்கு நான் இன்னார் என்று காட்ட என் சமையல் ஒன்றுதான் இருந்தது. அதையும் ஒரு போத்தலுக்காக மாற்று என்றால் மனம் எரியாதா?

கடைசியில், மீனைத் தானே பல்கனியில் பொரிப்பதாகச் சொல்லிச் சின்னக் கரண்ட் அடுப்பு ஒன்று கொண்டுவந்தான். வெள்ளிக்கிழமைச் சாமான் இருக்கிற குளிர்ப்பெட்டியில் போத்தலை வைக்கவும் நான் விடவில்லை. அதுவும் மீனோடு பல்கனிக்குப் போனது.

நான் இடியப்பம் அவித்து, கத்தரிக்காய்ப் பொரியலும் தேங்காய்ப்பாலில் சொதியும் வைத்தேன்.

வந்தவர்கள் மேசையில் இருக்க, இவன் பனிச்சட்டையும் தொப்பியுமாக வெளியே நின்று மீன் பிரட்டினான். தகப்பன்காரர் இரண்டு தரம் எழும்பிப் போய்க் கண்ணாடிக்குள்ளால் பார்த்தார். தாய் ஏன் என்று கேட்க, மருமகளாகப் போகிறவள் என் வெள்ளிக்கிழமையை விளக்கினாள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மீன் வந்தது. தோல் கரி, உள்ளே பச்சை.

மீனை ஓரமாகத் தள்ளிவிட்டு வைனை ஊற்றினார்கள். சம்பந்தி அம்மா இடியப்பத்தைச் சொதியில் ஊறவிட்டுச் சாப்பிட்டு ஒரு வாய் குடித்தார். பிறகு சொதியைக் கரண்டியால் தனியே எடுத்தார், இன்னொரு வாய் குடித்தார். பிறகு சொதிக் கிண்ணத்தை மகனிடம் நீட்டவில்லை, என்னிடம் நீட்டினார். இந்தப் புளிப்பு என்ன என்று கேட்கிறார் என்றாள் பிள்ளை. சொதியை இறக்கிய பிறகுதான் பிழிய வேண்டும், இல்லாவிட்டால் பால் திரைந்துவிடும் என்றெல்லாம் சொல்ல ஆசை. வாயில் வந்தது ஒரு சொல்தான்: “சித்ரூன்.” அது தேசிக்காய்க்கு இந்த ஊர்ப் பெயர். அவர் தலையை ஆட்டிச் சிரித்தார். சொதிச் சட்டியும் போத்தலும் ஒன்றாகத்தான் முடிந்தன.

“பாத்தீங்களோ அம்மா, இந்த வைனுக்குத் தேசிக்காய்ப்புளி பொருந்துமெண்டு நான் அப்பவே சொன்னனான்.”

பல்கனியில் அவன் விட்டுப்போன கரிச்சட்டியைச் சனிக்கிழமை நான் தேய்த்துக்கொண்டிருக்க, டெலிபோன் எடுத்தான். மாமி சொதி வைக்கும் விதம் கேட்கிறாராம். எழுதிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமைக்கு நல்லது என்றும் எழுதினேன். அவன் அதை நோர்வே மொழியில் மாற்றி அனுப்பினான்.

அதன் அடியில் ‘மீனோடும் சார்டீனியா வைனோடும் பரிமாறவும்’ என்று தன்பாட்டில் ஒரு வரி சேர்த்ததை, மருமகள்தான் பிறகு சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.