ரேடாரின் சான்றிதழைத் தேடி மூன்றாவது பயணம்

காலை 6.45, பீடோங். அதே நீதிமன்றத்துக்கு மூன்றாவது முறையாகக் கிளம்பினோம். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். பெண்டாங்கைத் தாண்டி வயல்களுக்கு நடுவே, எங்கள் வீட்டிலிருந்து நாற்பத்திரண்டு கிலோமீட்டர். முதல் முறை போலீஸ்காரர் வரவில்லை. இரண்டாம் முறை அவர் வந்தார், கோப்பு வரவில்லை. இரண்டு நாள் விடுப்பு வீணானதுதான் மிச்சம்.

என் கணவர் ஆரோக்கியம் அந்த வட்டாரப் பெண்களைக் கூலிம் நகரத்துத் தொழிற்சாலைக்கு ஏற்றிச்செல்லும் பேருந்தை ஓட்டுகிறார். எழுபதில் போகவேண்டிய சாலையில் நூற்றெட்டில் போனதாக ரேடார் காட்டிவிட்டது. குற்றம் உறுதியானால் வேலை போய்விடும். சொந்தக்காரர்களோ ஒரே பாட்டைப் பாடினார்கள்: அபராதத்தில் கழிவு அறிவிக்கும் வரை காத்திரு, பாதியைக் கட்டு, தலைமுழுகு. கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றால் யார் காதிலும் ஏறவில்லை.

எனக்குக் கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. தராசைச் சோதித்த தேதி தாண்டிவிட்டால் அது காட்டும் எடையை நாங்கள் ஏற்பதில்லை. ரேடாருக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?

7.20, குருண். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் இரண்டு வெள்ளி ஐம்பது காசு. அவர் பிரிக்கவே இல்லை. நான் காரை ஓட்டிக்கொண்டே, என்ன கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவர் அறுவடை முடிந்த வயல்களைப் பார்த்தபடி "ம்" கொட்டினார். கல்லில் நார் உரித்த மாதிரிதான்.

9.00 மணிக்கு நீதிமன்றத்தில் உட்கார்ந்தவர்களை 11.50க்குத்தான் கூப்பிட்டார்கள். அதற்குள் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இரண்டு முறை வந்து போனார்.

"பேசாம ஒத்துக்கச் சொல்லுங்க அக்கா. கொறைச்சிப் போடுவாங்க லா."

சர்ட்டிபிகேட்டைக் காட்டச் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம் என்றேன்.

ஒருவழியாகக் காட்டினார்கள். ரேடாரைச் சோதித்த சான்றிதழ், அவரைப் பிடித்த நாளுக்கு மூன்று வாரம் முன்பே காலாவதியாகியிருந்தது. மாஜிஸ்திரேட் அதை இரண்டு தடவை படித்தார். வழக்கு நான்கே நிமிடத்தில் தள்ளுபடியானது. "ஆண்டவரே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

12.30, திரும்பும் வழி. வென்ற மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. ஆற்றாமையில் என்னதான் உங்களுக்குக் குறை என்று கத்திவிட்டேன்.

"ரேடார் தப்பா காட்டல மேரி. ரெண்டு ஷிப்ட் சேந்தாப்புல ஓட்டுனேன். கண்ணு அசந்துட்டேன், காலு மிதிச்சிருச்சி. முழிச்சிப் பாத்தா மீட்டர்ல நூத்திப் பத்து. பின்னால புள்ளைங்க எல்லாம் தூங்கிட்டு வந்துச்சிங்க."

"மூணு மாசமா இத ஏங்க சொல்லல?"

"நீ மிசின பத்திதான கேட்ட."

வயலோரமாகக் காரை நிறுத்தினேன். அவர்மீது வந்த கோபத்தில் பாதி என்மீதே திரும்பியது. நாளை விடியற்காலை நாலரைக்கு அவர் மறுபடி அந்தப் பெண்களை ஏற்றவேண்டும். அந்த வேலையைக் காப்பாற்றத்தான் மூன்று முறை இந்தச் சாலையில் வந்திருக்கிறேன்.

பேருந்துச் சாவியைக் கேட்டேன். சட்டைப்பையிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார்.