எல்மாவுக்குக் கட்டிய பூச்சி

ரெய்னோ லாத்திக்கு மீன் பிடிப்பதில் பெரிய ஆர்வம் கிடையாது. மிச்சிகன் மாநிலத்தின் வடக்குக் கோடியில் இரும்புச் சுரங்க லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். மீன் பித்தெல்லாம் அவர் மனைவி எல்மாவுக்குத்தான். தூண்டில் முள்ளில் இறகும் ரோமமும் சுற்றிப் பொய்ப்பூச்சி கட்டுவதில் வீட்டருகே ஓடும் ஆற்றங்கரையில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

இப்போது அவளுக்கு நடுக்க நோய். தூண்டில் கழியை வீசும்போது ஓரளவு அடங்குகிற கை, முடிச்சுப் போடப் போனால் ஆட்டம் கண்டுவிடும். ஆகவே ரெய்னோதான் பூச்சி கட்டி, அதைத் தூண்டில் நரம்பில் முடிந்தும் கொடுப்பார். அது பிய்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். மாற்றி மாட்டக் கொக்கி வைத்துப் பார்த்தார்கள். அதைத் திறக்கவும் விரல் சொன்னபடி கேட்க வேண்டுமே. கூட வரட்டுமா என்று கேட்டால் சீறி விழுவாள். தன் கை ஆடுவதை யாரும் நின்று பார்ப்பது அவளுக்குப் பிடிக்காது.

பூச்சியின் உடம்புக்கு எதைச் சுற்றுவது என்பதுதான் அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. முயல் ரோமம் சுற்றினார். இரண்டு மீன் கடித்ததும் பஞ்சாய்ப் பறந்தது. பிளாஸ்டிக் நாடா இரும்பாய் நின்றது, ஆனால் டிரவுட் மீன்கள் அதைச் சீண்டவே இல்லை. அவற்றுக்குப் பிடித்தது மயில் தோகையின் இழை. அதுவோ ஒரு பல் பட்டாலே அறுந்து அவிழ்ந்துவிடும்.

பூச்சி பிய்ந்து சீக்கிரமே திரும்பி வந்து, நனைந்த காலணியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தவளிடமே கடைசியில் வழி கேட்டார். தோகை இழையைச் சுற்றியபின் அதன்மேல் மெல்லிய செம்புக் கம்பியை எதிர்ப்பக்கமாகச் சுற்றச் சொன்னாள். அப்போது கம்பி ஒவ்வொரு சுற்றையும் குறுக்கே கட்டிப் பிடிக்கும். ஓரிடத்தில் அறுந்தாலும் மற்றது நிற்கும். ஒரே பக்கமாகச் சுற்றினால் கம்பி இழைகளின் இடுக்கில் போய்ப் புதைந்துகொள்ளும், இருந்தும் இல்லாததுபோலத்தான்.

அப்படியே கட்டினார். பூச்சி அசையவில்லை. எல்மாவும் ஆற்றை விட்டு அசையவில்லை. இருட்டிய பிறகே வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். ஒருநாள் பாறையில் வழுக்கி, இடுப்புவரை நனைந்து, முழங்காலில் ரத்தம் வழிய வந்து நின்று, பிடித்துத் திரும்ப ஆற்றில் விட்ட மீனின் நீளத்தை ஆடும் கைகளால் காட்டிச் சிரித்தாள். ரெய்னோ காயத்தைக் கழுவிக் கட்டுப்போட்டார். போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அவளுக்கு வேறு என்ன மிச்சம்?

மறுநாள் காலை பூச்சி கட்ட உட்கார்ந்தவர், கம்பியை இழை போன பக்கமாகவே சுற்றினார். வேண்டுமென்றுதான்.

அன்று பூச்சி பிய்ந்து, வெளிச்சம் இருக்கும்போதே எல்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். அடுத்த நாளும் வந்தாள். ரெய்னோ நிம்மதியாகத் தூங்கினார். ஆனால் சாப்பாட்டு மேசையில் அவள் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூசியது. அவளோ மீனைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள்.

அந்த வாரக் கடைசியில் பிய்ந்த பூச்சியை விளக்கடியில் வைத்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தாள். ரெய்னோ அடுப்படியில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"கம்பிய எந்தப் பக்கம் சுத்துன?"

அவர் காப்பிப் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"தெரியாமப் பண்ணிட்டேன்னு சொல்லு கிழவா. நம்பிக்கிறேன்."

"தெரிஞ்சுதான் பண்ணேன்."

அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "நான்தான் பாறையில அடிச்சுப் பிய்க்கிறேன்னு நெனச்சேன். கழி வீசுறதும் போயிடுச்சு போலன்னு ஒரு வாரமா உள்ளுக்குள்ள செத்துக்கிட்டிருந்தேன். நீ ஒரு வார்த்தை சொல்லல."

"பயமா இருக்கு எல்மா. உன்னை ஆத்துத் தண்ணி இழுத்துட்டுப் போயிடும்னு பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் இல்லையா? பயந்தா வாயத் தெறந்து கூப்பிடு. வர்றதும் வராததும் என் பாடு. ஆனா என் கையில பொய்யக் குடுத்து அனுப்பாத."

மறுநாள் அவர் தோகை இழையைச் சுற்றி, கம்பியை எதிர்ப்பக்கமாக இறுக்கிக் கட்டினார். பிசிறில்லாமல் வந்தது. நரம்பில் முடிந்து கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு போனாள்.

இருட்டத் தொடங்கியதும் ரெய்னோ கரைக்கு வந்தார். நடு ஆற்றில் அவள் உருவம் கறுப்பாகத் தெரிந்தது. அவள் கை தெரியாத தூரத்திலேயே நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டார். அவள் கழியைத் தூக்கி மறுபடி வீசினாள். சற்று நேரத்தில் மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும் சத்தம் வந்தது. பிறகு இன்னொன்று. அவர் கட்டிய பூச்சி தாக்குப் பிடித்தது. இன்னும் வெகுநேரம் தாக்குப் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆற்றைப் பார்த்தபடி ஈரப் புல்லில் உட்கார்ந்துகொண்டார்.