மூடியில் பெயர் வேண்டாம் என்றவர்

எஸ்தர் அக்கா காலமானார் என்ற செய்தி வந்தபோது நான் அவருடைய நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். மதுரையிலிருந்து வந்த விற்பனைப் பிரதிநிதி மூன்று ஹாட்பாக்ஸ்களை மேசைமேல் பரப்பி, மூடியைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அக்கா மருத்துவமனையில் இருந்ததால் இந்த வருடத் தீபாவளிப் பரிசுத் தேர்வு என் தலையில் விழுந்திருந்தது. போனை வைத்துவிட்டு, "அப்புறம் வாங்க" என்றேன். "கலர் மட்டும் சொல்லிருங்க சார்" என்றார் அவர். கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

அக்காவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆண்டிபட்டிப் பக்கம் உள்ள எங்கள் நூற்பாலையில் கொள்முதல் பிரிவைப் பார்த்தவர் அவர். வீடு பழனிசெட்டிபட்டி. பிறந்த வீட்டாருக்குத் தேனி கடைவீதியில் பாத்திரக்கடை இருந்தது. அது போதாதா? வேலைக்குச் சேர்ந்த வருடமே தொழிலாளர்களுக்குப் பரிசு வாங்கும் பொறுப்பை அவரிடம் தள்ளிவிட்டார்கள். நான் கணக்குப் பிரிவு. பில்லைப் பாஸ் பண்ணுகிற பாவத்துக்கு வருடாவருடம் நானும் கூட உட்கார வேண்டியிருந்தது.

வெளியிலிருந்து பார்த்தால் சின்ன வேலை. குக்கர் கொடுத்தால், போன வருடமும் குக்கர்தானே என்பார்கள். பிளாஸ்க் கொடுத்தால், எங்கள் வீட்டில் யார் காப்பி குடிக்கிறார்கள் என்பார்கள். அக்கா நல்ல பிராண்டாகப் பார்த்துத்தான் எடுப்பார். சாம்பிள் ஹாட்பாக்ஸில் காலையில் இட்லி வைத்து, மத்தியானம் திறந்து எங்களுக்குக் கொடுப்பார். வேர்த்து ஊறிப்போன இட்லியை எத்தனை தின்றிருப்பேன்! முகம் சுளித்தாலும் விடமாட்டார். "ருசியக் கேக்கல சார். சூடு இருக்கா, இல்லையா?"

அதற்குப் பிறகு ஒரு கேள்வி கேட்பார். "இத மகளுக்குச் சீராக் குடுக்கலாமா?" எங்கள் ஆலைப் பெண்கள் பரிசைப் பிரிப்பதே இல்லை. அட்டைப்பெட்டியோடு பரணில் ஏற்றிவிடுவார்கள். மகள் கல்யாணத்துக்கோ, நாத்தனார் வீட்டுப் பால்காய்ப்புக்கோதான் அது கீழே இறங்கும். மூடியில் ஆலையின் பெயர் இருந்தால் சபையில் வைக்க முடியாது. ஓசியில் வந்ததைச் சீராக வைத்துவிட்டார்கள் என்று சம்பந்தி வீட்டார் சிரிப்பார்கள்.

முதலாளியின் தந்தை இறந்த வருடம் குக்கர் தேர்வானது. மூடியில் பெரியவரின் படத்தையும் ஆலையின் பெயரையும் பொறிக்கச் சொன்னார் முதலாளி. அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. பண்டிகை முடிந்ததும், நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் வேலை பார்க்கும் பாண்டியம்மா அவரிடம் வந்து நின்றார். மயிலாடும்பாறையிலிருந்து வேனில் வருகிறவர். அந்தத் தை மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம்.

"யக்கா, செத்தவுக மொகத்த அடுப்புல ஏத்தச் சொல்றீகளே, பாவமில்லையா? இதச் சீர்ல வச்சா அங்கன எம்மகள என்ன சொல்லுவாக?"

அடுத்த தீபாவளிக்கு முன்பு அக்கா முதலாளி அறைக்குப் போனார். நானும் கூட இருந்தேன்.

"அய்யா, பெரியவுக படம் கரி புடிச்சுக் கெடக்கலாமா? பேர அட்டப்பெட்டியில மட்டும் போடுவோம். இல்லேன்னா இந்த வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருங்க."

முதலாளி கையிலிருந்த பேனாவை மூடிவிட்டு, "சரி, உங்க இஷ்டம்" என்றார். அந்த வருடத்திலிருந்து மூடிகள் வெறுமையாக வந்தன. ஆனால் பரிசளிப்பு மேடையில் டீ காண்டிராக்டர் வரைக்கும் நன்றி சொன்ன முதலாளி, எஸ்தர் அக்காவின் பெயரை மட்டும் அதற்குப் பிறகு ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அக்கா கீழே நின்று பெட்டி அடுக்கிக்கொண்டிருப்பார். நான் முணுமுணுப்பேன். "விடுங்க சார், சாமான் சீருக்குப் போகுதுல்ல" என்பார். அவருக்கும் அலுத்துத்தான் போயிருந்தது, குரலிலேயே தெரியும்.

பழனிசெட்டிபட்டிக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. ஆலை வேன்களில் பெண்கள் வந்திருந்தார்கள். இப்போது ஆலையை நடத்தும் முதலாளியின் மகன் என்னைத் தனியே அழைத்தார். நல்ல பிள்ளை, அழுது கண் சிவந்திருந்தது.

"சார், இந்த வருஷம் ஹாட்பாக்ஸ் மூடியில மேடம் போட்டோவப் போட்டுருவோமா? அவங்க ஞாபகமா இருக்கும்."

பக்கத்தில் இருந்த திட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

"போட்டோ வேண்டாம் தம்பி. மேடையில ஒரு தடவ அவுக பேரச் சொல்லுங்க."

"அப்பா சொன்னதே இல்லையா?"

"மூடியில பேரு வேண்டாம்னு அவுக சொன்னதுக்கப்புறம் இல்ல."

"நான் சொல்றேன் சார்" என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். குழியருகே பாண்டியம்மா ஒரு பிடி மண் போட்டுவிட்டு, கையைத் துடைக்காமலே வேனில் போய் ஏறினார்.

எஸ்தர் அக்கா, இந்த வருடமும் மூடியில் ஒன்றும் இருக்காது. பெயரை மேடையில் சொல்வார்கள். அதைக் கேட்கத்தான் நீங்கள் கீழே நிற்கமாட்டீர்கள். போய் வாருங்கள்.