காலி லாரியில் முழு லோடு

அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் எடைமேடையில், லினக்ஸில் ஓடிய மென்பொருளை விண்டோஸுக்கு மாற்றும் வேலை எனக்கு வந்தது. உள்ளே இரண்டு நிரல்கள். ஒன்று லாரி எண்ணையும் எடையையும் வாங்கும். இன்னொன்று அவற்றை நெட்வொர்க் வழியாக வெளிவாசல் கேட்டில் இருக்கும் ஸ்கிரீனுக்கு அனுப்பும். லினக்ஸில் இரண்டும் பேசிக்கொண்ட முறை விண்டோஸில் எடுபடாது.

"பைப்பே போதுங்க, குழாய்ல விடுற மாதிரி ஒண்ணு அனுப்ப, இன்னொண்ணு வாங்கிக்கும்" என்றார் உடன் வேலை பார்த்தவர். எனக்கா பைப்? இரண்டு நிரல்களும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்வதுதான் ஆக வேகமான வழி என்று ஒற்றைக்காலில் நின்றேன். லாரி மேடையேறி இறங்கவே சில நிமிடம் ஆகும், அங்கே எதற்கு அத்தனை வேகம் என்று யாராவது கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். ஒன்று எழுதி முடிக்கும்வரை மற்றது காத்திருக்க ஒரு பூட்டு போட வேண்டும். அதையும் போடவில்லை. வேகம் குறையுமாம்!

முதல் நாள் காலை ஒன்பது மணிக்கே மாட்டிக்கொண்டேன். சுண்ணாம்புக்கல்லை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு ஒரு டிரைவர் மேடையேறினார். முதல் நிரல் அவருடைய லாரி எண்ணை எழுதிவிட்டு எடையை எழுதுவதற்குள், இரண்டாவது அவசரக்குடுக்கை முந்தைய லோடு வண்டியின் எடையைச் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விட்டது.

கேட்டில் செக்யூரிட்டி லாரிமேல் ஏறி எட்டிப் பார்த்தார். "வண்டி காலிதாங்க. ஆனா ஸ்கிரீன்ல முழு லோடு இருக்கே. எப்படிங்க விடுறது?"

நிரல் சரியாகும்வரை எந்த வண்டியும் வெளியே போகக் கூடாது என்றார் மேலாளர்.

டிரைவர் என்னிடம் ஓடிவந்தார். "சார், பத்தரைக்குத் திருமழபாடியில தங்கச்சி புள்ளைக்குக் காதுகுத்து. நான்தான் தாய்மாமன். என் மடியில வச்சுத்தான் குத்தணும்."

வீம்பை விழுங்கிக்கொண்டு பைப்புக்கே மாறினேன். எண்ணும் எடையும் ஒரே சீட்டாகப் போகும். அது முழுசாக வந்து சேரும்வரை அடுத்த நிரல் வாயைத் திறக்காது. டிரைவருடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது. கேட் திறந்தபோது மணி பதினொன்று. டிரைவர் எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு லாரியைக் கிளப்பினார்; அதுதான் உறுத்தியது.

சாயங்காலம் மனசு கேட்காமல் நானே அவரைப் போனில் கூப்பிட்டேன்.

"நேரத்துக்குப் போயிட்டீங்களாண்ணே?"

"எங்க சார்! பன்னெண்டு ஆயிடுச்சு."

"ஐயோ, அதுக்குள்ள குத்திட்டாங்களா?"

"அது எப்படி சார் குத்துவாங்க? பத்தர் ஊசியக் கையில வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தாரு. மாமன் வராம எவன் சார் காதத் தொடுவான்?"