அம்மா அலசிய புத்தகம்

நேற்றைய மழையில் நனைந்த புத்தகத்தை இன்று மொட்டைமாடியில் காயவைத்தேன். ஈரத்தாள் வாசனை வந்ததும், பரளச்சிப் பக்கம் எங்கள் ஊரில் நான் ஐந்தாம் வகுப்பு முடித்த அந்தக் கோடைக்கு மனம் போய்விட்டது.

அந்த விடுமுறையில் நூலகத்தில் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுத்தார்கள். படித்துவிட்டுக் கதையைச் சொன்னால்தான் அடுத்த புத்தகம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கருவேல விறகை அடுக்கி, மண்ணால் மூடி மூட்டம் போட்டுக் கரி சுடுகிறவர்கள். முதல் புத்தகத்தை மூட்டத்தருகே உட்கார்ந்து படித்ததில் பக்கமெல்லாம் என் கரிவிரல் பதிந்துவிட்டது. நான் தூங்கி எழுவதற்குள் அம்மா அந்தப் புத்தகத்தைச் சோப்புப் போட்டு அலசிக் கொடியில் காயப்போட்டிருந்தாள்.

"இனி எனக்குப் புத்தகமே தரமாட்டாக" என்று அழுதேன்.

"ஏய்யா அழுகுற? நான் வந்து சொல்றேன்" என்று கூடவே வந்தாள்.

உப்பிப்போன புத்தகத்தை நூலகர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாந்தேன் அலசுனேன் சார். பிள்ளைய ஏசாதீக. அடுத்தவுக பொருள அழுக்கோட குடுக்கலாமா?"

"புத்தகத்த யாராச்சும் தொவைப்பாகளாம்மா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லவேளை, எழுத்து போகல. டேய், கதையச் சொல்லு."

காட்டில் வழிதவறிய குட்டியானையின் கதை. விக்கிக்கொண்டே சொன்னேன். மூச்சு வாங்க நிறுத்தியபோது, வாசலில் நின்ற அம்மா கேட்டாள்:

"பெறகு அது ஆத்தாகிட்ட போய்ச் சேந்துச்சா, இல்லையாடா?"

சேர்ந்துவிட்டது என்றேன். நூலகர் எழுந்துபோய் அடுத்த புத்தகத்தை எடுத்துவந்து அம்மாவின் கையில் கொடுத்தார்.

இப்போது வடாம் எடுக்க மாடியேறி வந்த அம்மா, காயும் புத்தகத்தருகே குனிந்து நிற்கிறாள்.

"இது என்ன கதைடா?"