இரண்டு ராஜாக்களின் ஏரிகள்

அக்கா ஒரு பீங்கான் ராஜா பொம்மைக்கு மீசை வரைந்துகொண்டிருந்தாள். எழுபதுகளின் தொடக்கம். விருத்தாசலத்தில் ஒரு சின்னப் பீங்கான் பட்டறையில் நாங்கள் இருவரும் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் வேலையில் இருந்தோம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவள் அவள். பட்டறையில் எல்லோருக்கும் 'சிலோன்காரி'. எனக்கு மட்டும் அக்கா. அந்தப் பொம்மை ராஜேந்திர சோழன் என்றார் மேஸ்திரி. கங்கை வரை படை அனுப்பியவன், கடல் தாண்டிக் கடாரம் வென்றவன், கடல் போல ஏரி வெட்டியவன் என்று அடுக்கினார். அக்கா தலை நிமிராமலே, அப்படி ஒருவர் அங்கேயும் இருந்தார் என்றாள். பராக்கிரமபாகு. தீவு முழுவதையும் ஒரே ஆட்சிக்குள் கொண்டுவந்தவர், பர்மாவுக்குக் கப்பற்படை அனுப்பியவர். அவர் கட்டிய ஏரிக்குச் சமுத்திரம் என்றே பெயராம். திருகோணமலைக் கோயிலுக்குப் போகும் வழியில் அவள் அப்பா அதைக் காட்டியிருக்கிறார்.

பட்டறை முழுக்க இதே பேச்சானது. "அவ்ளோ பெரிய ராஜான்னா அங்கியே இருந்திருக்க வேண்டியதுதானே" என்று யாரோ அக்காவைக் குத்திச் சொன்னது அவள் காதிலும் விழுந்தது. ஆயுத பூஜையன்று பட்டிமன்றம் வைத்து, இருவரில் யார் பெரியவர் என்று பார்த்துவிடலாம் என்றார் முதலாளி. சோழனுக்கு நான், பராக்கிரமபாகுவுக்கு அக்கா.

எனக்கோ பள்ளிப் பாடத்துக்கு மேல் எதுவும் தெரியாது. ஏரியை நேரில் பார்த்துவிட்டால் பேச ஏதாவது கிடைக்கும் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை கருவேப்பிலங்குறிச்சி வழியாகப் பஸ் பிடித்துக் கங்கைகொண்ட சோழபுரம் போனேன். அக்காவும் ஆசைப்பட்டுக் கூட வந்தாள். கோயிலை அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு ஏரிக்கரைக்குப் போனோம். ஓர் ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர். மற்றதெல்லாம் முள்ளும் வெடித்த மண்ணும். இதை அவள் மேடையில் சொன்னால் என் கட்சி தோற்றது என்று திரும்பும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன். அவளோ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பூஜையன்று கோயிலையும் கடாரத்தையும் சொல்லி நான் கைத்தட்டல் வாங்கினேன். அடுத்து அக்கா எழுந்தாள். பராக்கிரமபாகுவின் ஏரியும் பல நூறு வருஷம் காட்டுக்குள் உடைந்து கிடந்ததுதான் என்று அவள் ஆரம்பித்தபோது எனக்கே வியப்பாக இருந்தது.

"கட்டுனதுல ரெண்டு பேருமே ஒசத்திதாங்க. அங்க ஒடைஞ்சத நம்ம காலத்துல திரும்பக் கட்டிட்டாங்க, நெல்லு வெளையுது. இங்க இன்னும் கட்டல. ராஜாக்களோட வேல முடிஞ்சு போச்சு. மிச்சம் நம்மகிட்டதான இருக்குது."

அந்த 'நம்ம'வைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. தீர்ப்பு என்னவோ சோழனுக்குத்தான். ஆனால் மேஸ்திரி பொரித் தட்டோடு நேராக அவளிடம் வந்தார்.

"ஏம்மா, அந்த ஏரிக்கு மதகு எப்படி வெச்சிருக்காங்க?"

சின்ன வயது, மதகைப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டாள் அக்கா. "நம்ம ஏரில எங்க இருந்துச்சுன்னு வேணா போயிப் பாக்கலாங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறு மேஸ்திரியும் எங்களோடு பஸ் ஏறினார். முள்ளை விலக்கிக்கொண்டு மூவரும் கரை நெடுகத் தேடினோம். வெயில் தாழ்ந்த பிறகும் யாருக்கும் திரும்ப மனசு வரவில்லை.